தீபாவளிப் பருவமும் சங்கத்தின் கடிதங்களும்

ஆவணி பிறந்ததும் நமது நெசவாளர் சங்கங்களில் நிர்வாகக் குழு கூடுகிறது. நூல் இருப்பு எவ்வளவு, சாயச் செலவு எவ்வளவு, கொள்முதலுக்கு யார் யார் கேட்டிருக்கிறார்கள் என்பன பேசப்படுகின்றன. எந்தத் தறியில் எந்த நிறப் பாவு ஏறுவது என்றும் முடிவாகிறது. ஆனால் அந்தச் சரக்கை வாங்கப் போகிறவருக்கு அதைப்பற்றி எப்பொழுது, எவ்வாறு தெரிவிப்பது என்னும் விஷயம் பெரும்பாலும் நிகழ்ச்சி நிரலிலேயே இடம் பெறுவதில்லை. பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கையில், “எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுவிடுங்கள்” என்று எழுத்தரிடம் சொல்வதோடு அது முடிந்துவிடுகிறது. சிறு சங்கமொன்று மின்னஞ்சலில் அனுப்பும் பருவக் கடிதங்களை ஆவணியிலேயே எங்ஙனம் திட்டமிடலாம் என்பதை இங்கு ஆராய்வோம்.

கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்து அங்கத்தினர்களுக்கு இதன் முக்கியத்தை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இவ்வட்டாரத்தில் விசைத்தறியே மிகுதி; அதிலும் பாவும் ஊடை நூலும் பெற்றுக் கூலிக்கு நெய்து கொடுப்போரே பெரும்பான்மையோர். கூலி உயர்வுக்காக 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், மீண்டும் 2025-ஆம் ஆண்டு மார்ச்சு, ஏப்ரல் மாதங்களிலும் தறிகள் நின்றதை யாவரும் அறிவர். கூலிக்கு நெய்பவருக்கு வாடிக்கைக்காரர் என்று ஒருவர் கிடையாது. அவர் நெய்த துணியை உடுத்துபவர் யார், எந்த ஊரார், அது பிடித்ததா பிடிக்கவில்லையா என்பது அவருக்கு ஒருபோதும் தெரிய வருவதில்லை. பாவு கொடுப்பவர் ஒருவரே அவருக்கு உலகம். அவர் கதவை மூடினால் உலகமே மூடிவிடுகிறது. கூட்டுறவுச் சங்கம் இந்த நிலையினின்று வேறுபட வேண்டுமானால், உடுத்துபவரின் பெயரும் முகவரியும் சங்கத்தின் கையில் இருத்தல் வேண்டும். பருவக் கடிதத்தைச் சில்லறை விளம்பரமாக எண்ணுவது தவறு. சங்கத்துக்குச் சொந்த வாடிக்கையைத் தேடித் தரும் ஏற்பாடு அது.

கைப்பேசியில் வாட்ஸ்அப் இருக்கையில் மின்னஞ்சல் எதற்கு என்று அங்கத்தினர் சிலர் கேட்கின்றனர். பக்கத்து ஊர்களில் உள்ளவர்களுக்கு வாட்ஸ்அப் போதும். அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் அதில் வந்த செய்தி அன்று மாலைக்குள் நூறு செய்திகளுக்கு அடியில் போய்விடுகிறது. பெங்களூரில் அலுவலகம் செல்லும் அம்மையார், சிங்கப்பூரில் உள்ள நம்மவர், பள்ளிக்கு மொத்தமாகத் துணி வாங்கும் பொறுப்பாளர் ஆகியோர் மின்னஞ்சலை வைத்திருந்து, சம்பளம் வந்த பிறகு தேடி எடுத்துப் படிக்கின்றனர். இன்னொன்றும் உண்டு. வாட்ஸ்அப் தொடர்புகள் யாரோ ஒருவரின் கைப்பேசியில் இருக்கின்றன. ஒரு சங்கத்தில் எழுத்தர் ஓய்வு பெற்றுச் சென்றபொழுது, ஆறு ஆண்டுகளில் சேர்ந்த வாடிக்கைக்காரர் எண்கள் அனைத்தும் அவருடனேயே போனதை நாம் கண்டிருக்கிறோம். அவர்மீது குற்றமில்லை. அவ்வெண்களைப் பதிவேட்டில் ஏற்றும்படி யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

முகவரிப் பதிவேடு

ஆகவே முதல் வேலை முகவரிப் பதிவேடு. விற்பனைச் சீட்டு எழுதும் இடத்திலேயே வாங்குபவரின் பெயர், ஊர், மின்னஞ்சல் முகவரி, வாங்கிய பொருள், தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். “பண்டிகைக் காலங்களில் சங்கத்திலிருந்து கடிதம் அனுப்பலாமா?” என்று கேட்டு, அவர் இசைந்தார் என்பதையும் தனிக் கட்டத்தில் எழுதிக்கொள்வது அவசியம். இது மரியாதைக்காக மட்டுமன்று. 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசு இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய விவரங்களை அவரது சம்மதத்தோடு, சொன்ன காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்பதை அடிப்படையாகக் கொண்டது. கண்காட்சியில் யாரோ கொடுத்த பட்டியலையோ, விலைக்கு வாங்கிய ஆயிரம் முகவரிகளையோ வைத்துக்கொண்டு கடிதம் அனுப்புவது சங்கத்துக்குத் தகாது. பயனும் இராது. அறியாதவருக்கு அனுப்பிய கடிதத்தை அவர் ‘வேண்டாத அஞ்சல்’ என்று குறித்துவிட்டால், பின்னர் அறிந்தவருக்கு அனுப்பும் கடிதமும் அவர் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடும். முந்நூறு உண்மையான முகவரிகள் இருந்தால் சிறு சங்கத்துக்கு அதுவே நல்ல தொடக்கம்.

தறியிலிருந்து கடிதத்துக்கு

கடிதத்தை மேசையில் அமர்ந்து திட்டமிடுவோர் பலர். நம் கருத்தில் அது தறிக்கொட்டகையில் தொடங்க வேண்டும். ஓர் உதாரணம் கொள்வோம். நாற்பது கைத்தறிகள் உள்ள சங்கம். ஒரு சேலை நெய்ய மூன்று நாள். ஆகவே வாரத்துக்குத் தறியொன்றுக்கு இரண்டு சேலை, சங்கம் முழுவதற்கும் எண்பது. 2026-ஆம் ஆண்டில் தீபாவளி நவம்பர் 8-ஆம் தேதி. ஆகஸ்டு 17-ஆம் தேதியாகிய ஆவணி முதல் நாளிலிருந்து கணக்கிட்டால் 83 நாள் கிடைக்கின்றது. இதில் கடைசிப் பன்னிரண்டு நாளை நீக்கிவிட வேண்டும். பொட்டலம் போய்ச் சேர வேண்டும், சேலை வாங்கியவர் ரவிக்கை தைக்கக் கொடுக்க வேண்டும், தையற்காரரோ பண்டிகை நெருங்கினால் புதுத் துணி வாங்க மாட்டார். எஞ்சிய பத்து வாரங்களில் ஆயுத பூஜை விடுமுறைக்கும், மழையால் பாவுக்குக் கஞ்சி ஏற்றி உலர்த்த முடியாத நாள்களுக்குமாக ஒரு வாரத்தைக் கழித்தால் மீதி ஒன்பது வாரம், 720 சேலை. கொள்முதலுக்கு ஒப்புக்கொண்டது 480 எனில் மீதி 240. இழைப் பிழை, நிறப் பிழை என்று இருபது போனால், கடிதத்தில் வாக்களிக்கத் தக்கது 220 சேலைதான். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அதே சங்கம், அதே தறிகள், ஆனால் 2025-ஆம் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். அவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 20-ஆம் தேதியே வந்துவிட்டது. பத்தொன்பது நாள் குறைவு. பத்தொன்பது நாளென்றால் மேற்கண்ட கணக்கின்படி ஏறத்தாழ 217 சேலை. அதாவது கடிதத்தின் மூலம் விற்கக்கூடிய சரக்கு முழுவதுமே மறைந்துவிடுகிறது! 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. இப்படி ஆண்டுதோறும் முன்பின்னாக வரும் பண்டிகைக்குச் சென்ற ஆண்டின் கடிதத்தை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அனுப்புவது எவ்வளவு ஆபத்து என்பது இதனால் விளங்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு சேலை கொடுக்க முடியாமற் போன சங்கத்துக்கு அந்த வாடிக்கைக்காரர் திரும்ப வருவதில்லை. அவசரத்தில் வெளியிலிருந்து வாங்கிக் கொடுத்துச் சமாளித்த சங்கத்தின் கதை அதனினும் மோசம். அதைப் பின்னர்க் கூறுவோம்.

எனவே கடிதத் தேதிகளை ஆங்கில மாதத்தில் வைக்காமல் பண்டிகையிலிருந்து பின்னோக்கி எண்ணி வைக்க வேண்டும். நாம் பரிந்துரைப்பது, தீபாவளிக்கு முந்திய 65-ஆம் நாள் ஒன்று, 40-ஆம் நாள் ஒன்று, விஜயதசமிக்கு மறுநாள் ஒன்று, பண்டிகை முடிந்து பன்னிரண்டாம் நாள் ஒன்று. விஜயதசமியைக் குறிப்பதற்குக் காரணமுண்டு. தீபாவளி எந்த மாதத்தில் வந்தாலும் விஜயதசமிக்கும் அதற்கும் இடையில் பெரும்பாலும் பதினெட்டு அல்லது பத்தொன்பது நாளே இருக்கும். 2025-இல் அக்டோபர் 2-க்கும் 20-க்கும், 2026-இல் அக்டோபர் 20-க்கும் நவம்பர் 8-க்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கலாம். மேலும் ஆயுத பூஜைக்குத் தறிகள் நிற்கும். அன்று கொட்டகையைச் சுத்தம் செய்கையில் இருப்புச் சரக்கைக் கையோடு எண்ணிவிடலாம். எண்ணிய கணக்கு மறுநாள் கடிதத்தில் ஏறிவிடும்.

முதற் கடிதத்தில் விற்பனையே வேண்டாம் என்பது நம் எண்ணம். இது பலருக்கு வியப்பாயிருக்கும். தறியில் என்ன ஏறியிருக்கிறது, எந்த நிறங்கள், ஏன் அந்த நிறங்கள், நூல் எங்கிருந்து வந்தது, இம்முறை கரை எவ்வளவு அகலம் என்பவற்றை எட்டுப் பத்து வரிகளில் எழுதி, தறியில் இருக்கும் துணியின் படம் ஒன்றை மட்டும் வைத்து அனுப்புவது போதும். கீழே ஒரு கேள்வி: “மாம்பழ மஞ்சளா, கருநீலமா, எது உங்களுக்கு வேண்டும்?” பதில் எழுதுபவர் பத்தில் ஒருவராயிருக்கலாம். எனினும் அந்தப் பதில்கள் வரும்போது பாவு இன்னும் எஞ்சியிருக்கிறது. ஊடை நிறத்தை மாற்ற நேரமிருக்கிறது. பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு வரும் பதிலால் தறிக்கு ஒரு பயனும் இல்லை. ஆவணி முகூர்த்தத்தைத் தவறவிட்டு ஐப்பசி முகூர்த்தத்துக்குச் சேலை தேடுவோரும் இக்கடிதத்துக்கே பதில் எழுதுவர்.

இரண்டாம் கடிதம் விலைப்பட்டியல். இதில் அலங்காரம் கூடாது. பொருளின் பெயர், நீளம், நூலின் நம்பர், நிறம், விலை, தபாற் செலவு, எத்தனை உருப்படி உள்ளது, முன்பதிவுக்குக் கடைசித் தேதி, எந்தத் தேதியில் அனுப்பப்படும் ஆகிய விவரங்கள் இருந்தால் போதும். முற்காலத்தில் வி.பி.பி. மூலம் துணி வரவழைத்தவர்கள் விலைப்பட்டியலில் இவற்றைத்தான் தேடினர்; இன்று வாங்குபவரும் இவற்றைத்தான் தேடுகிறார். தலைப்பு வரியில் “இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்” என்று போடுவதைவிட, “கோரா சேலை 220 மட்டும், அக்டோபர் 15-க்குள் முன்பதிவு” என்று போடுவது நன்று. வாழ்த்து அன்றைக்கு ஐம்பது இடங்களிலிருந்து வரும். எண்ணிக்கை நம்மிடமிருந்து மட்டுமே வரும்.

தள்ளுபடியைப்பற்றி ஒரு சொல். 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் தீபாவளிப் பருவத்தில் 30 சதவீதத் தள்ளுபடி அளிப்பது பொதுமக்கள் நன்கறிந்த வழக்கம். அதற்குப் போட்டியாகச் சிறு சங்கம் தன் கையிலிருந்து தள்ளுபடியை அறிவிக்க முற்பட்டால், அது நெசவாளர் கூலியிலிருந்தோ அடுத்த பருவத்து நூலிலிருந்தோதான் வரவேண்டும். அரசின் தள்ளுபடித் திட்டத்துக்குள் வரும் சரக்காயின் அவ்விவரத்தை உள்ளவாறே எழுதலாம். வராததாயின், விலை ஏன் அவ்வளவு என்று எழுதுவதே மேல். ஒரு சேலையில் நூலுக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு, நெய்தவருக்கு எவ்வளவு என்று மூன்று வரியில் காட்டினால், படிப்பவர் அதனைப் பேரம் பேசுவதில்லை. பெரிய கடைகளால் எழுத முடியாத வரிகள் இவை.

மூன்றாம் கடிதம் மிகச் சிறியதாயிருக்க வேண்டும்: மீதி என்ன, கடைசியாக எந்தத் தேதிக்குள் பணம் வந்தால் அனுப்ப முடியும், அவ்வளவே. தீர்ந்துபோன பொருளின் படத்தை எடுத்துவிட வேண்டும். வெளிநாட்டிலுள்ளவர்களுக்கு இக்கடிதத்தை அனுப்புவதில் பொருளில்லை. அவர்களுக்குரிய கடைசித் தேதியை இரண்டாம் கடிதத்திலேயே தனியாகக் குறித்துவிடுதல் நலம்.

கைத்தறி என்னும் சொல்

இனி, மேலே ஒத்திவைத்த விஷயத்துக்கு வருவோம். நம் வட்டாரத்தில் கைத்தறியும் விசைத்தறியும் ஒரே தெருவில் ஓடுகின்றன. கணக்குக்கு மிஞ்சி வாக்களித்துவிட்ட சங்கம், குறைந்த சேலைகளைப் பக்கத்து விசைத்தறியில் வாங்கிக் கைத்தறி என்றே அனுப்புவதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் குறிப்பிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கே உரியவையாக ஒதுக்கியுள்ளது. அவற்றை விசைத்தறியில் நெய்வது குற்றம். 2006 முதல் வழங்கும் கைத்தறி முத்திரையும் வாங்குபவருக்கு அளிக்கும் உறுதிமொழியே ஆகும். கோவைக் கோரா சேலை, பவானி ஜமக்காளம், நெகமம் சேலை முதலியன புவிசார் குறியீடு பெற்றவை. அப்பெயர்களை அக்குறியீட்டின்கீழ் வழங்க அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். வாய்மொழியாகக் கடையில் சொன்ன சொல் காற்றில் போகும். மின்னஞ்சலில் எழுதியது வாங்கியவரிடம் தேதியோடு இருக்கும். விசைத்தறித் துணியை விசைத்தறித் துணி என்றே எழுதி விற்பதில் எந்த இழிவும் இல்லை. சோமனூர்த் துணிக்கு அதற்குரிய மதிப்பு உண்டு. இரண்டையும் செய்யும் அமைப்புகள் கடிதத்தில் இரண்டு பகுதியாகப் பிரித்துக் காட்டட்டும்.

கடிதம் போய்ச் சேருவதற்குரிய சில ஏற்பாடுகள் உள. தமிழை யூனிகோடு முறையிலேயே தட்டச்சு செய்ய வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாதவர் கைப்பேசியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 2010-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டிருந்தும் அச்சகப் பழக்கத்தால் இத்தவறு தொடர்கிறது. எல்லா முகவரிகளையும் பெறுநர் கட்டத்தில் வரிசையாகப் போடுவது பெரும் பிழை. ஒருவர் முகவரி மற்றவர்க்குத் தெரியலாகாது. மறைநகல் கட்டத்தைப் பயன்படுத்தலாம். பட்டியல் பெருகினால் கடிதம் அனுப்புவதற்கென்றே உள்ள சேவை ஒன்றை நாடலாம். கட்டணமில்லா ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளில் ஏறத்தாழ 500 பேருக்குமேல் அனுப்ப இயலாது என்பதையும் நினைவிற்கொள்க. படங்கள் பெரியனவாயின் கைப்பேசியில் திறக்க நேரமாகும்; படத்துக்குள்ளேயே விலையை எழுதிவிட்டால், படம் திறவாதவருக்கு விலையும் தெரியாது. 2024 பிப்ரவரி முதல் கூகுள், யாஹூ நிறுவனங்கள் அனுப்புபவர் யார் என்பதை உறுதிப்படுத்தும் ஏற்பாடுகளைக் கடுமையாக்கியுள்ளன. சங்கத்தின் பெயரில் இணைய முகவரி இருப்பின், அதை அமைத்துத் தந்தவரிடம் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகள் செய்யப்பட்டுள்ளனவா என்று கேட்டுக்கொள்க. பெயர் விளங்காவிடினும் கேள்வியை அப்படியே கேட்டால் போதும். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் “இனி அனுப்ப வேண்டாம்” என்பதற்கு வழி இருத்தல் வேண்டும். அப்படிச் சொன்னவர் பெயரை அன்றே அடித்துவிட வேண்டும்; காரணம் கேட்டு அவருக்கு இன்னொரு கடிதம் எழுதுவது வேண்டாத வேலை.

விவசாய அங்கத்தினர்களுக்கு இதே முறை பொருந்தும், ஆனால் மாதங்கள் வேறு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் தைக்குப் பின்னரே அறுவடைக்கு வருகிறது. அவர்களுக்கு ஆவணி, புரட்டாசி என்பது பயிர் நிற்கும் பருவம். விற்க ஒன்றுமில்லாத அந்நாளில் வயலைப்பற்றி ஒரு கடிதம் எழுதி வைத்தால், பொங்கலுக்கு முன் எழுதும் விலைக் கடிதத்தை வாங்குபவர் தெரிந்தவர் கடிதமாகத் திறப்பார்.

பலனை எப்படி அளப்பது? எத்தனை பேர் கடிதத்தைத் திறந்தார்கள் என்று சேவை நிறுவனங்கள் ஒரு கணக்குக் காட்டும். 2021-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளில் செய்த மாறுதலுக்குப் பிறகு, படிக்காத கடிதமும் திறந்ததாகக் கணக்கில் வருவதுண்டு. ஆதலின் அதனை நிர்வாகக் குழுவில் வைத்துப் பெருமை கொள்ள வேண்டாம். வந்த பதில், வந்த முன்பதிவு, திரும்பி வந்த பொட்டலம் ஆகிய மூன்றையும் கடிதவாரியாகப் பதிவேட்டில் எழுதினால் தணிக்கைக்கும் உதவும், அடுத்த ஆண்டுக்கும் உதவும்.

நான்காம் கடிதத்தைப் பெரும்பாலான சங்கங்கள் எழுதுவதே இல்லை. தீபாவளி முடிந்ததும் அனைவரும் களைத்திருப்பர். கார்த்திகை மழையில் கொட்டகையும் மந்தமாயிருக்கும். ஆயினும் சேலையை ஒருமுறை உடுத்தி ஒருமுறை துவைத்திருப்பார்கள் ஆதலால், சாயம் போயிற்றா, கரை சுருங்கிற்றா, நீளம் சரியா என்று கேட்க அதுவே ஏற்ற நேரம். குறை சொல்லி வரும் பதிலுக்கு மூன்று நாளுக்குள் காரியதரிசியே கையொப்பமிட்டு மறுமொழி எழுதட்டும். மாற்றித் தர வேண்டியதை மாற்றித் தரட்டும். வந்த பதில்களை நிறவாரியாகவும் தறி எண் வாரியாகவும் பிரித்து, தைப் பருவத்துக்கு நூல் வாங்கும் கூட்டத்தில் வைக்க வேண்டும். அக்கூட்டத்துக்குச் சாயமிடுபவரையும் அழைத்துக்கொள்வது நல்லது.